பேரில்லாத அந்தப் பிள்ளை

தோலை உரித்து, நரம்புகளை ஒவ்வொன்றாகப் பிரித்து வரைந்த ஒரு கை. மஸ்கெலியாத் தேயிலைத் தோட்டத்தில், பெரியம்மாவின் லய வீட்டில் அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு வயிறு எரிந்தது. பெரியம்மா மகள், என்னைவிட ஆறு மாதம் மூத்த அக்கா, மருத்துவப் படிப்புக்குத் தெரிவாகியிருந்தாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு ஒரே வாங்கில் உட்கார்ந்து படித்த நான் விஞ்ஞான டீச்சரானேன். ஓய்வுபெற்ற டாக்டர் ஒருவர் அவளுக்குக் கொடுத்த தடித்த உடற்கூற்றுப் புத்தகம் அது. கை கழுவிவிட்டு வந்தால்தான் தொடவே விடுவாள்.

அடுத்த விடுமுறையில் அவளே அதைப் பழைய பேப்பரில் சுற்றி அலமாரிக்கு மேலே போட்டாள். ஐரோப்பாவில் ஒரு சர்வாதிகாரி ஆண்ட காலத்தில் வரைந்த படங்களாம். ஆட்சியை எதிர்த்தவர்களைக் கொன்று, உடலை வீட்டாரிடம் கொடுக்காமல் மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பினார்களாம். அறுத்தவரும் வரைந்தவர்களும் அந்தக் கட்சிக்காரர்களாம்.

"அறுக்கட்டுமான்னு இந்தக் கைக்காரன்கிட்ட யாரும் கேக்கலடி" என்றாள்.

"அப்ப எனக்குக் குடு, பிள்ளைங்களுக்குக் காட்டுறேன்" என்றேன். தரவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. வேண்டாம் என்று ஒதுக்கிவைக்கக்கூட அவளிடம் ஒன்று இருந்தது. எனக்கு அதுவும் இல்லை.

போன வருடம் அம்மா விறகு பிளக்கும்போது கத்தி மணிக்கட்டில் இறங்கி, விரல்கள் மரத்துப்போயின. கண்டியில் ஒப்பரேஷன் செய்ய வந்த டாக்டர் அக்காதான். அறுந்த நரம்பைத் தேடி இணைக்க வேண்டும். அந்தப் பழைய புத்தகத்தில் உள்ள அளவு நுணுக்கமான படம் வேறு எதிலும் தனக்குக் கிடைக்கவில்லை என்றாள். அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து முழுக் கதையையும் சொன்னாள்.

"சின்னம்மா, அதைப் பாக்கட்டுமா? நீங்க வேணாம்னா பாக்க மாட்டேன்."

நான் பக்கத்தில்தான் நின்றேன். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

அம்மா கட்டுப் போட்ட தன் கையைப் பார்த்தார். பிறகு, "பெத்தவ கையில பொணத்தக்கூடக் குடுக்கலையா?" என்று கேட்டார். "பாரும்மா. அந்தப் புள்ளைக்கு நான் வெளக்கு வைக்கிறேன்."

அம்மாவின் விரல்களுக்கு உணர்வு திரும்பிவிட்டது. வெள்ளிக்கிழமைகளில் அந்தக் கையால்தான் விளக்கேற்றுகிறார். பெயர் தெரியாத அந்தப் பிள்ளைக்கு முதலில் வேண்டிக்கொள்கிறார், பிறகு அக்காவுக்கு. கடைசியில்தான் என் பெயர் வருகிறது. அநியாயமாகச் செத்தவன் மேல் பொறாமைப்படக் கூடாதுதான். படுகிறேன்.