மூன்றாவது சேனல்

சென்ற மாதம் எனக்குப் பித்தப்பையில் கல். "துபாய்க்கு வந்து எல்லாரும் தங்கம் சேர்க்கிறாங்க, நீங்க கல்லு சேர்த்திருக்கீங்க" என்றாள் மனைவி. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள்தான் பிரச்னை. பொழுது போகவில்லை!

கட்டிலுக்கு மேலே சுவரில் ஒரு சின்னப் பெட்டி, அதிலிருந்து ஒரு ஹெட்ஃபோன் தொங்கியது. மாட்டிக்கொண்டேன். முதல் சேனலில் அரபி. இரண்டாவதில் ஆங்கிலம். மூன்றாவதைத் திருப்பினால்...

"வணக்கம். எல்லாரும் ஊசி போட்டாச்சா? போட்டவங்களுக்கு இப்ப ஒரு பாட்டு. போடாதவங்க ஒளிஞ்சிக்கிடாதீங்க, சிஸ்டர் வந்துக்கிட்டு இருக்காங்க..."

தமிழ்! அதுவும் சுத்தமான ராமநாதபுரத்துக் கடற்கரைத் தமிழ். சிரித்துவிட்டேன். தையல் போட்ட வயிறு, இனிமேல் சிரிக்காதே என்று எச்சரித்தது.

எந்த ஸ்டேஷன் இது? நர்ஸிடம் கேட்டேன். "இது நம்ம ஆஸ்பத்திரி ரேடியோ சார். கீழ லாண்டரி பக்கத்துல இருந்து பேசுறாங்க, வெளியில கேக்காது. இங்க படுத்திருக்கிறவங்களுக்கு மட்டும்தான்" என்றார்.

மெதுவாக நடக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். எங்கே என்று சொல்லவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட் ஏறிக் கீழே போனேன். லாண்டரிக்குப் பக்கத்தில் ஓர் அறை. கதவைத் திறந்தவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, முதலில் நாற்காலியை இழுத்துப் போட்டார். பெயரைப் பிறகுதான் கேட்டார்.

அவர் ஹமீது. கீழக்கரைக்காரர். துபாயின் தேரா கடைத்தெருவில் எலக்ட்ரானிக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் ஊரில் அண்ணனைக் 'காக்கா' என்பார்கள். இங்கே டாக்டர் முதல் துடைப்பம் பிடிக்கிறவர் வரை எல்லாருக்கும் அவர் காக்காதான். சம்பளம்? கிடையாது. கடையை மச்சானிடம் விட்டுவிட்டு மத்தியானம் இங்கே வந்துவிடுகிறார்.

"அந்த மச்சானாலதான் இதெல்லாம் வந்துச்சு" என்றார். சில வருடங்களுக்கு முன் மச்சான் கால் உடைந்து இதே ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாராம். பார்க்க வந்த காக்கா சும்மா இருப்பாரா? சுவர்ப் பெட்டியை நோண்டியிருக்கிறார். மூன்றாவது சேனலில் வெறும் இரைச்சல். வயர் இருக்கிறது, ஸ்பீக்கர் இருக்கிறது, பேசத்தான் ஆள் இல்லை.

நேரே நிர்வாகியிடம் போய்விட்டார். அவர் ஒரு சூடான்காரர். பொறுமையாகக் கேட்டுவிட்டு மூன்று நிபந்தனை போட்டார். மதம் பேசக் கூடாது. அரசியல் பேசக் கூடாது. மருந்து சொல்லக் கூடாது. நம்மவர்களுக்கு எது கஷ்டம், சொல்லுங்கள்? மூன்றாவதுதான்!

கிடைத்த இடம், பழைய போர்வைகள் அடுக்கிவைக்கும் அறை. சுற்றிலும் போர்வை என்பதால் எதிரொலியே இல்லையாம். கடையிலிருந்து ஒரு மைக்கும் சிடி பிளேயரும் வந்தன. ஷார்ஜாவில் குடியிருந்த திருச்சி சாந்தி, பஸ் பிடித்து வந்து வாரப்பத்திரிகைக் கதைகளை வாசித்தார். தமிழ்ப் பாட்டு, தமிழ்க் கதை, தமிழ் அரட்டை. காக்காவுக்கு அதுவே போதுமானதாக இருந்தது — அந்த மனிதர் வரும்வரை.

அல் கூஸ் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது ஏதோ வண்டி இடித்துத் தள்ளிவிட்டது. போலீஸ் கொண்டுவந்து சேர்த்தார்கள். பையில் எந்த அடையாளமும் இல்லை. தேடிக்கொண்டு யாரும் வரவும் இல்லை. தலையில் ஆபரேஷன் முடிந்து, உயிர் பிழைத்து, வார்டுக்கு வந்துவிட்டார். கண்ணைத் திறக்கிறார், மூடுகிறார். அவ்வளவுதான். ஹிந்தியில் கூப்பிட்டார்கள், அரபியில் கூப்பிட்டார்கள், மலையாளத்தில் கூப்பிட்டார்கள். எதற்கும் அசைவில்லை.

"காது கேக்குதுன்னுதான் நினைக்கிறேன். அவரோட பாஷையில யாராவது பேசினா நல்லது" என்றார் டாக்டர். எது அவருடைய பாஷை? அதுதானே தெரியவில்லை!

காக்கா போய்ப் பார்த்தார். "முகத்தைப் பார்த்த உடனே நம்ம ஆளுன்னு முடிவு பண்ணிட்டேன். நம்ம ஆளா இருக்கணும்னு எனக்கு ஆசை, வேற என்ன?" வார்டின் ஹெட் நர்ஸ் மேரி, ஹெட்ஃபோனைத் தலையணை ஓரம் வைத்துவிட்டார். சாந்தி மைக்கில் கெஞ்சினார். "தம்பி, கண்ணைத் திறந்து பாருங்க. வீட்ல உங்களைத் தேடுவாங்கல்ல? பேரை மட்டும் சொல்லுங்க..." ஒரு வாரம் போல இதே கதை. அந்த மனிதர் அசையவே இல்லை. சாந்தி மைக்கை அணைத்துவிட்டு அழுவாராம்.

ஒருநாள் மேரி கீழே இறங்கிவந்து கேட்டார். கோட்டயத்துக்காரர், தமிழும் மலையாளமும் கலந்துதான் வரும்.

"காக்கா, இந்த வார்டில் தமிழர் மாத்ரம் அல்லல்லோ கிடக்கிறது? பாக்கிப் பேர் எந்து செய்யும்?"

காக்காவுக்குச் சுருக்கென்று தைத்தது. மறுநாள் கடைத்தெருவில் இறங்கிவிட்டார். ஒரு வங்காளத் தையல்காரர், ஒரு நேபாளி வாட்ச்மேன், ஒரு சிங்களச் சமையல்காரர், லாண்டரிக் கடையில் இஸ்திரி போடும் தெலுங்கர் வெங்கடேஷ். "வாங்க பாய், வந்து உங்க பாஷையில கொஞ்ச நேரம் பேசிட்டுப் போங்க."

வெள்ளிக்கிழமை லீவில் எல்லாரும் வந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பேசினார்கள். மேலே வார்டில் மேரி, அந்தக் கட்டிலைவிட்டு நகராமல் நின்றிருந்தார்.

வங்காளி பேசினார். ஒன்றுமில்லை. நேபாளி பேசினார். ஒன்றுமில்லை. சிங்களவர் ஒரு பாட்டே பாடினார். ஊஹூம்.

வெங்கடேஷ் உட்கார்ந்து, தொண்டையைக் கனைத்து, "அந்தரிகி நமஸ்காரம்" என்று ஆரம்பித்துக் கொஞ்ச நேரம்கூட ஆகியிருக்காது. மேரி படியில் தடதடவென்று இறங்கி ஓடிவந்தார்.

"நிறுத்தண்டா! நிறுத்த வேண்டாம்! பேசிக்கிட்டே இருங்க! தலை திருப்பி ஹெட்ஃபோன் பக்கம் பார்க்கிறார்!"

வெங்கடேஷ் பேசினார். துபாய் வெயிலைப் பற்றிப் பேசினார். தம்பி கல்யாணத்தைப் பற்றிப் பேசினார். முதலாளியைத் திட்டினார். சரக்கு தீர்ந்துவிட்டது. ஒரு கையால் மைக்கை மூடிக்கொண்டு கெஞ்சினார்.

"கலாஸ் பாய்! இதுக்கு மேல என்கிட்ட ஒண்ணும் இல்ல!"

"துபாய்க்கு முன்னாடி ஊர்ல என்ன வேலை பார்த்தே?" என்றார் காக்கா.

"பிரைவேட் பஸ்ல கண்டக்டர்."

"அப்ப ஸ்டாப்பு பேரைக் கூவு! யல்லா!"

வெங்கடேஷ் எழுந்தே நின்றுவிட்டாராம். உட்கார்ந்துகொண்டு எந்தக் கண்டக்டர் கூவுவார்? கரீம்நகரில் விசில் கொடுத்துப் புறப்பட்டது பஸ். ஜகித்யால்... மேடிபள்ளி... கோரட்லா... மெட்பள்ளி... ஆர்மூர்... நிஜாமாபாத்!

திரும்பவும் மேலே ஓடிப்போன மேரி, இன்டர்காமில் கத்தினார். "வாய் அசைக்கிறார்! மறுபடியும் சொல்லுங்க!"

பஸ் திரும்பவும் கரீம்நகரிலிருந்து கிளம்பியது. இந்த முறை கோரட்லா என்று வெங்கடேஷ் கூவி, மூச்சு வாங்க நிறுத்திய அந்த இடைவெளியில், மேலே கட்டிலில் கிடந்த மனிதர் தெளிவாகச் சொன்னார்.

"மெட்பள்ளி."

மேரிக்கு அது ஊரா, பேரா, மருந்தா என்று தெரியாது. கேட்டதை அப்படியே இன்டர்காமில் சொன்னார். போர்வை அறையில் வெங்கடேஷ், காக்காவின் தோளில் சாய்ந்து விம்மி விம்மி அழுதார். அதுவரை அவர் அந்த நோயாளியின் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. சொந்தக்காரர்களைத் தவிர யாரையும் அந்த வார்டில் விட மாட்டார்கள். அன்று மேரியே கையைப் பிடித்து உள்ளே அழைத்துப்போனார். கேட்டவர்களிடம், "இவர் சொந்தம்தான்" என்றாராம்.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தன. தெலுங்கர்கள் தங்கும் கேம்ப் கேம்ப்பாக வெங்கடேஷ் போன் போட்டார். மெட்பள்ளிக்காரர் யாராவது காணாமல் போயிருக்கிறாரா? போயிருந்தார். பெயர் லிங்கய்யா. வேலை பிடிக்காமல் ஓடிப்போய்விட்டார் என்று சூப்பர்வைசர் எழுதிக்கொடுத்துவிட்டாராம். கூட இருந்தவர்களும் அதை நம்பிவிட்டார்கள். ஊரில் மனைவி மட்டும், "அவர் ஓடிப்போற ஆள் இல்லை" என்று போனில் எல்லாரிடமும் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்.

அந்த மனைவியை ஆஸ்பத்திரி போனுக்கே கூப்பிட்டுப் பேசவைத்தார்கள். என்ன பேசினார்கள் என்று காக்காவிடம் கேட்டேன். "தெலுங்கு எனக்கு என்ன தெரியும்? ஆனா அந்தம்மா திட்டுறாங்கன்னு புரிஞ்சிச்சு. அவரு சிரிச்சாரு" என்றார்.

லிங்கய்யா மெல்லப் பேசினார், பிறகு நடந்தார், பிறகு ஊருக்கும் போய்ச் சேர்ந்தார். ஓடிப்போனவர் என்ற பட்டத்தை நீக்க அந்த சூடான்காரரே அலைந்தாராம். ரேடியோவுக்குப் போர்வை இல்லாத ஒழுங்கான அறை ஒன்றும் ஒதுக்கினார். நான் உட்கார்ந்திருந்தது அந்த அறையில்தான். இன்று மூன்றாவது சேனலில் தமிழ், தெலுங்கு, வங்காளம், நேபாளி, சிங்களம், பஷ்தூ என்று நாள் முழுக்க யாராவது பேசிக்கொண்டே இருக்கிறார்கள். டியூட்டி முடித்து, குளித்து, ஜெபல் அலியிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்து பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். யார் இவர்களை வரச் சொன்னது? இவர்களில் பலர் நாள் முழுக்க அடுத்தவர் பாஷையில் உத்தரவு வாங்குகிறவர்கள். இங்கே சொந்த பாஷையில், யாரென்றே தெரியாத ஒருவருக்கு ஆறுதல் சொல்கிறார்கள். காசு கொடுத்தால் இந்தக் குரல் வருமா?

கதையை முடித்துவிட்டு காக்கா மைக்கை என் பக்கம் திருப்பினார். "எழுத்தாளர்ங்கிறீங்க. பேசுங்களேன்."

எனக்கா பேசத் தெரியாது? தமிழின் பெருமை, மனிதநேயம் என்று மனசுக்குள் ஒரு பேருரையே தயாரானது. சிவப்பு விளக்கு எரிந்ததும் எல்லாம் காலி. வேறு வழியில்லாமல், காலையில் எனக்குக் கொடுத்த உப்பில்லாத கஞ்சியைப் பற்றிப் பேசினேன். அதை எப்படிக் குடித்தேன், குடிக்காததை எங்கே ஊற்றினேன் என்று எல்லாவற்றையும் ஒப்பித்தேன்.

சாயங்காலம் மருந்து கொடுக்க வந்த மேரி, அடுத்த ஆண்கள் வார்டிலிருந்து ஒரு நேயர் விருப்பம் கொண்டுவந்தார். "அந்தக் கஞ்சிக்காரரை நாளைக்கும் பேசச் சொல்லுங்க."

இத்தனை வருடமாக எழுதுகிறேன்... நாளைக்கும் வேண்டும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை!