ஒரே பதில் சொன்ன முப்பத்திரண்டு படிவங்கள்

பட்டாசுத் தொழிலில் இருக்கும் பெண்களின் வேலை நேரம்தான் என் முனைவர் பட்ட ஆய்வு. அதற்காக 2007 புரட்டாசியில் ஏழாயிரம்பண்ணைக்குப் போய் வந்தேன். மாதக் கடைசிக்குள் நூறு வினாப்படிவங்கள் வராவிட்டால் உதவித்தொகை நின்றுவிடும் என்று நெறியாளர் மேடம் சொல்லியிருந்தார். உதவித்தொகை நின்றால் படிப்பும் நின்றுவிடும். வீட்டில் ஏற்கெனவே மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

மதுரையில் காலை 6.10க்குப் பேருந்து, விருதுநகரில் 7.30. எண்ணெய்ப் பரோட்டா ஆசையோடு இறங்காதீர்கள், அது சாயங்காலச் சமாச்சாரம். நான் இட்லியோடு திருப்திப்பட்டேன். அங்கிருந்து சாத்தூர் ஒரு மணி நேரத்துக்குள். பேருந்து நிலையம் அருகே அறை எடுத்தேன், நாளுக்கு 120 ரூபாய். தாழ்ப்பாள் சரியாக விழாது, மற்றபடி குறையில்லை. சாத்தூரிலிருந்து ஏழாயிரம்பண்ணை சுமார் 15 கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம், ஐந்து ரூபாய்.

கம்பெனி வேன் பெண்களைக் கொண்டுவந்து இறக்கிவிடும் தெருமுனையில் இரண்டு சாயங்காலம் நின்றேன். காக்கி அட்டை, கிளிப், கழுத்தில் பல்கலைக்கழக அடையாள அட்டை. யாரும் முகம் சுளிக்கவில்லை, டக் டக்கென்று பதில் சொன்னார்கள். முப்பத்திரண்டு படிவங்கள்! களப்பணி என்றாலே அழுகிற என் சக ஆய்வாளர்களை நினைத்துக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது.

மூன்றாம் நாள் காலை அறையில் உட்கார்ந்து படிவங்களை வரிசையாகப் புரட்டினேன். முப்பத்திரண்டு பேருக்கும் எட்டு மணி நேர வேலை. முப்பத்திரண்டு பேரும் கையுறை போடுகிறார்கள். ஒருவருக்காவது தலைவலி வரவேண்டாமா?

வெளியே மழை. இருந்தாலும் பஸ் ஏறினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"மழையில எங்கன போறீக? இன்னைக்குக் கம்பெனி கிடையாதே."

"ஏன் அண்ணே?"

"வெயிலு இல்லாம மருந்து எப்பிடிக் காயும்? எல்லாரும் வீட்டுலதான் இருப்பாக."

இந்தச் சாதாரண விஷயம்கூடத் தெரியாமல் இரண்டு வருடம் நூலகத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் நாள் முதல் படிவத்துக்குப் பதில் சொன்ன பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனேன். முப்பது வயதிருக்கும், திரி செருகும் வேலை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். அட்டையைப் பைக்குள் வைத்துவிட்டு, உண்மையாகவே எட்டு மணி நேரம்தானா என்று கேட்டேன். சிரித்துவிட்டார்.

"காக்கி அட்டையும் பேனாவுமா வந்தா நாங்க செக்கிங்குன்னு நெனைக்க மாட்டோமா? செக்கிங் வந்தா என்ன சொல்லணும்னு போர்மேன் சொல்லிக் குடுத்திருக்காரு. அதைத்தான் சொன்னோம். நீங்களும் அம்புட்டையும் எழுதிக்கிட்டீக."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. மறைக்காமல் நிலைமையைச் சொன்னேன். இந்த முப்பத்திரண்டையும் அப்படியே கொடுத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை என்பதையும் சேர்த்தே சொன்னேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டு படிவத்தை வாங்கிப் படித்தார். பதினான்காம் கேள்வியில் விரலை வைத்தார்.

"'வேலை எத்தனை மணிக்கு முடியும்'னு கேட்டா எல்லாரும் அஞ்சும்பாக. இப்பிடிக் கேக்காதீக. பள்ளிக்கூடம் விட்டு வார பிள்ளைக்கு யாரு கதவத் தொறந்து விடுவாகன்னு கேளுங்க."

அன்று மழை விடவே இல்லை. அவரே என்னைப் பக்கத்து வீடுகளுக்குக் கூட்டிப்போனார். அந்த ஒரு கேள்விக்கு ஒன்பது பேர் ஒன்பது பதில் சொன்னார்கள். சாவி எதிர்வீட்டில் இருக்கும். நாலாம் வகுப்புப் பெண் தம்பிக்குச் சோறு போட்டுவிடுவாள். சீசன் சமயத்தில் பிள்ளை வாசலிலேயே தூங்கிப்போகும், ஏழரைக்கு வந்துதான் எழுப்ப வேண்டும். நான் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மேடத்துக்குப் போன் போட்டு முப்பத்திரண்டும் செல்லாது என்று சொன்னேன். நன்றாகத் திட்டினார். கடைசியில், "நீட்டிப்புக்கு மனு எழுதிக் கொண்டா, கையெழுத்துப் போடுறேன்" என்றார். மூன்று மாதம் கிடைத்தது. அந்த முப்பத்திரண்டும் இப்போது தனி அத்தியாயம்: அதிகாரி மாதிரி போனால் அதிகாரிக்கான பதில்தான் கிடைக்கும்.

ஆய்வுக்குக் கிளம்புகிறவர்களுக்கு: காக்கி அட்டை வேண்டாம், பள்ளிக்கூட நோட்டு போதும். மழை நாளில் குடையோடு போங்கள். சாத்தூருக்குக் கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். வினாப்படிவத்தை நூறு பிரதி எடுக்குமுன் ஒருவரிடமாவது கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கிளம்பும்போது, ஆய்வேட்டில் யார் பெயரும் வராது, பயப்படாதீர்கள் என்று வழக்கமான உறுதிமொழியைச் சொன்னேன். மற்றவர்கள் தலையாட்டினார்கள். பேச்சியம்மாள் மட்டும் விடவில்லை.

"அதெப்பிடி? பதில் சொன்னவுக பேரு வேண்டாம், சரி. கேள்வி சொன்னவ பேரு வர வேண்டாமா?"

பையிலிருந்து படிவத்தை எடுத்து, அந்தக் கேள்வியையும் கீழே எழுதிக்கொண்டேன். பெயரைப் போட்டால் அவருக்கு வேலை போய்விடும். இந்தப் பதிவிலும் பேச்சியம்மாள் என்பது நான் வைத்த பெயர்தான்.