பதினேழாம் விதியும் என் தலையும்

"அழுவுறதுக்கெல்லாம் மார்க்கு போடுவாங்களா?" என்று மாமா கேட்டார். பல்கலைக்கழகத்தில் நாடகப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது என்று நான் சொன்ன அன்று அவர் கேட்ட முதல் கேள்வி அது. மாமா என் அம்மாவின் தம்பி. மதுராந்தகத்தில் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். நான் படிக்கப் போகும்வரை பள்ளிக்கூடத்தோடு எங்கள் குடும்பத்துக்கு இருந்த நெருங்கிய தொடர்பு அந்த வேன்தான்.

போடுவார்கள் என்று சொன்னேன். அழுகைக்குத் தனியாக அல்ல. குரலுக்கு, உடலுக்கு, மேடை ஒழுங்குக்கு, வருகைக்கு என்று பிரித்துப் போடுவார்கள். வருகைக்கு மட்டும் இருபத்தைந்து. வந்து நின்றாலே இருபத்தைந்தா என்று மாமா யோசித்தார். அதன் பிறகு கொஞ்ச நாள் அந்தப் படிப்பைப் பற்றித் தப்பாக எதுவும் பேசவில்லை.

சேர்ந்த முதல் நாளே ஆளுக்கொரு கையேடு கொடுத்தார்கள். நாடக மாணவர்களுக்கான விதிகள், அவர்களிடம் துறை எதிர்பார்ப்பவை. முப்பத்து நான்கு பக்கம், எல்லாம் ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில் 'படித்துப் புரிந்துகொண்டேன்' என்று மாணவரும் பெற்றோரும் கையெழுத்திட வேண்டும். என் வகுப்பில் பெரும்பாலானோர் வராந்தாவிலேயே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். கல்பாக்கம் குடியிருப்பிலிருந்து வந்த ஒருத்தி கையேட்டைச் சுவரில் வைத்து அழுத்திக் கையெழுத்துப் போட்டாள். அவளுடைய அப்பா, அம்மா இருவருமே விஞ்ஞானிகள். படிக்கவில்லையா என்று கேட்டேன். இதையெல்லாம் யார் படிப்பார்கள் என்றாள்.

எங்கள் வீட்டில் படிப்பார்கள். அப்பா நெல் மண்டியில் மூட்டை தூக்குகிறவர். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனாலேயே எந்தக் காகிதத்தையும் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை யாராவது வாசித்துக் காட்டாமல் ரேகை வைக்க மாட்டார். கேஸ் இணைப்பு வாங்கியபோது விண்ணப்பத்தின் பின்பக்கத்தில் இருந்த பொடி எழுத்தையும் என்னை வாசிக்க வைத்தார். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள்தான் வாசிக்காமல் போடுவார்கள் என்பதைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பிறகே தெரிந்துகொண்டேன்.

நான்கு நாள் சாயங்காலம் உட்கார்ந்து கையேட்டைத் தமிழில் சொன்னேன். நான்கு மணிக்கு ஒத்திகை என்றால் மூன்றே முக்காலுக்கு இருக்க வேண்டும். நான்கு மணிக்கு வருபவர் தாமதமாக வந்தவர். அப்பா தலையாட்டினார், லோடு ஏற்றுகிற இடத்திலும் அப்படித்தானாம். முதலாம் ஆண்டில் யாரும் நடிக்கக் கூடாது, மேடைக்குப் பின்னால்தான் வேலை. கடைசிக் காட்சி முடிந்ததும் மேடையைப் பிரித்து அடுக்கும்வரை யாரும் வீட்டுக்குப் போகக் கூடாது. இதுவும் அவருக்கு நியாயமாகப் பட்டது. துக்க விடுப்பு வந்தபோதுதான் நிறுத்தினார். அப்பா, அம்மா, கூடப் பிறந்தவர் இறந்தால் மட்டும் விடுப்பு என்று போட்டிருந்தது.

"பெரியப்பன் செத்தா?"

அது இதில் இல்லை என்றேன்.

"அவங்க வூட்ல பெரியப்பன்லாம் சாவ மாட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு, மேலே படிக்கச் சொன்னார்.

பதினேழாம் விதியை அம்மா இரண்டு முறை கேட்டாள். பாத்திரம் ஏற்றவர் எழுத்துமூலம் அனுமதி பெறாமல் முடியை வெட்டவோ, வளர்க்கவோ, நிறம் மாற்றவோ கூடாது. என் முடியைப் பற்றிப் பல்கலைக்கழகத்துக்கு என்ன வந்தது என்றாள். அவள் ஏன் அப்படிக் கேட்டாள் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அப்பா ரேகை வைத்தார். அலுவலகத்தில் அதை வாங்கிக்கொண்டவர், இந்தத் துறைக் கோப்பில் வந்த முதல் ரேகை இதுதான் என்றார். அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

முதல் வருடம் முழுக்கக் கறுப்புச் சட்டை போட்டுப் பலகை தூக்கினேன், விளக்குக்கு நிறத்தாள் மாட்டினேன். மகள் நாடகத்தில் என்ன வேஷம் கட்டுகிறாள் என்று யாராவது கேட்டால், ஸ்டூல் எடுத்து வைக்கிறாள் என்று அம்மா உள்ளதைச் சொன்னாள்.

இரண்டாம் வருடம் தொடங்கியதும் என் கணக்கு வேறாகிவிட்டது. நான் நாடகம் இயக்க விரும்பினேன். மூன்றாம் ஆண்டில் மாணவர்கள் சொந்தமாக ஒரு நாடகம் இயக்கலாம். ஆனால் இரண்டாம் ஆண்டில் முக்கியப் பாத்திரம் ஒன்றை முதல் ஒத்திகையிலிருந்து கடைசிக் காட்சிவரை விடாமல் செய்து முடித்தவர்தான் அதற்கு விண்ணப்பிக்க முடியும். இருபத்து ஆறாம் விதி. பாத்திரம் நடுவில் கைமாறினால் விண்ணப்பமும் போய்விடும்.

ஒரு வியாழக்கிழமை ஒத்திகைக் கூடத்துக்கு வெளியே பெயர்ப்பட்டியல் ஒட்டினார்கள். எனக்குக் கல்யாணப்பெண் பாத்திரம். முகூர்த்தத்துக்கு முந்தின நாள் நான்கு பெண்கள் அவளுக்குத் தலை வாரிப் பின்னிப் பூ வைத்துக்கொண்டே அவளுடைய வாழ்க்கையைத் தீர்மானிக்கிறார்கள். நாடகத்தில் பாதி அதுதான். என் முடி இடுப்புக்குக் கீழே இருந்தது. தேர்வுக்கு அது உதவியிருக்கும் என்று நினைக்கிறேன். நடிப்பும் உதவியது. கல்பாக்கத்துக்காரிக்கு மாற்று நடிகை என்று போட்டிருந்தது. எனக்கு ஏதாவது ஆனால் அவள் வருவாள்.

பெயருக்கு எதிரே கையெழுத்திட்டேன். திங்கட்கிழமை முதல் ஒத்திகை. வெள்ளிக்கிழமை விடுதியிலிருந்து ஊருக்குப் போய் விஷயத்தைச் சொன்னபோது அம்மாவிடமும் ஒரு விஷயம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குலதெய்வம் கோயிலில் எனக்கு மொட்டை.

எனக்குக் கல்லூரியில் இடம் கிடைத்தால் என் முடியைக் கொடுப்பதாகப் பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின்போதே அம்மா வேண்டியிருந்தாள். என்னைக் கேட்கவில்லை. முதல் வருடமே செய்திருப்பாள். பெரியப்பா இறந்துபோனதால் ஒரு வருடம் தள்ளிப்போனது. (அப்பா முன்கூட்டியே கேட்டதில் தப்பில்லை.) இப்போது வருடம் கழிந்துவிட்டது. மாமாவின் வேனைச் சொல்லியாகிவிட்டது, கிடாய் வீட்டு வாசலில் கட்டியிருந்தது, இருபது பேருக்குத் தகவல் போயிருந்தது.

அனுமதி வாங்காமல் முடியை எடுக்க முடியாது, அதற்கு ஒரு படிவம் இருக்கிறது என்றேன்.

"உங்க காலேஜி மாதிரி சாமிகிட்ட ஃபாரம் கீதாடி? நான் வாயால சொல்லிட்டேன், அவ்ளோதான்."

பூமுடி கொடுக்கலாமே, மூன்று இடத்தில் கத்தரித்தால் போதுமே என்று பார்த்தேன். மொட்டை என்றுதான் வேண்டினாளாம். சாட்சிக்கு மாமாவைக் கூப்பிட்டாள். மாமா வேனிலிருந்து இறங்காமலேயே, "மொட்டன்னுதான் சொன்னிச்சி. நான் பக்கத்துலதான் இருந்தேன்," என்றார்.

மறுக்கலாம்தான். முடி என்னுடையது. ஆனால் என் படிப்புக்காக அம்மா யாரிடமாவது கொடுத்த வாக்கு என்றால் இது ஒன்றுதான். நான் ஒரு வருடமாக விதி விதி என்று பேசிக்கொண்டிருக்கிறேன். அவளுக்கு இருந்த ஒரே விதியை மீறச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை காலையில் கையேட்டை எடுத்தேன். இயக்குநரை அழைத்துக் கேட்கலாமா என்று முதலில் பார்த்தேன். விடுமுறை நாளில் ஆசிரியர்களை அவசரத்துக்கு மட்டுமே அழைக்கலாம். அவசரம் என்றால் தீ, மருத்துவமனை, காவல் நிலையம். மொட்டை அதில் சேராது. பிறகு பதினேழாம் விதியை முழுசாகப் படித்தேன். 'முதல் ஒத்திகை தொடங்கிய நேரத்திலிருந்து கடைசிக் காட்சி முடியும்வரை' என்று இருந்தது. முதல் ஒத்திகை திங்கட்கிழமை மாலை நான்கு மணிக்கு.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரைக்கு மொட்டை அடித்துச் சந்தனம் பூசினார்கள்.

திங்கட்கிழமை மூன்றே முக்காலுக்குக் கூடத்தில் இருந்தேன். இயக்குநர் எங்கள் பேராசிரியை. அவரை மேடம் என்போம். உள்ளே வந்தவர் என்னைப் பார்த்து நின்றார்.

"என்ன இது?"

"மொட்டை, மேடம்."

"அது தெரியுது."

நேர்த்திக்கடன் என்று சொல்லிக் கையேட்டைத் திறந்து நீட்டினேன். அவர் பதினேழாம் விதியைப் படித்தார். மறுபடி படித்தார். இதை யார் எழுதியது என்று கேட்டார். "நான்தான் எழுதினேன்," என்று அவரே சொல்லிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

விதிப்படி என்னை நீக்க முடியாது. ஆனால் முதல் வாரம் முடிவதற்குள், பாத்திரத்துக்குப் பொருந்தவில்லை என்று இயக்குநர் நினைத்தால் ஆளை மாற்றலாம். பத்தொன்பதாம் விதி. அதையும் நான் படித்திருந்தேன். வெள்ளிக்கிழமைவரை எனக்கு நேரம் இருந்தது.

செவ்வாய்க்கிழமை உடை அறையிலிருந்து டோப்பா வந்தது. எப்போதோ ஒரு ராட்சசிக்கு வாங்கியது. அதைக் கழுவி, வாரி, எனக்கு மாட்டினார்கள். தலை வாரும் பெண் இழுத்தவுடன் முன்பக்கம் கண்ணுக்கு வந்துவிட்டது. புதன்கிழமை பசை போட்டார்கள். சந்தனம் பூசிய தலையில் பசை பிடிக்கவில்லை. வியாழக்கிழமை வசனத்துக்கு நடுவில் மொத்தமாகக் கழன்று, வாருகிறவள் கையோடு போனது. அவள் நல்ல நடிகை. நிறுத்தாமல் அதை வாரிக்கொண்டே இருந்தாள்.

கல்பாக்கத்துக்காரி இடைவேளையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "உன் இடத்துக்கு நான் ஆசைப்படலப்பா. ஆனா வசனம் மனப்பாடம் ஆயிடுச்சு. என்ன பண்றது?" என்றாள். அவளுக்கு முடி தோள்வரை இருந்தது. அவள் வருத்தத்தோடுதான் சொன்னாள், ஆனால் எனக்கு அவளைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மேடம் டோப்பாவைக் கொண்டுவரச் சொன்னபோது, அது இல்லாமல் ஒரு முறை செய்து காட்டுகிறேன் என்று கேட்டேன். நான்கு பேரும் என்னைச் சுற்றி உட்கார்ந்தார்கள். இல்லாத முடியை வாருங்கள் என்றேன். எனக்குப் பதினெட்டு வருடம் அம்மா தலை வாரியிருக்கிறாள், வயல் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில். எந்த இடத்தில் சிக்கு இருக்கும், எந்தப் பக்கம் இழுத்தால் கழுத்து எவ்வளவு சாயும், மூன்றாவது பின்னலில் கண்ணில் எப்போது நீர் வரும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். அவர்கள் காற்றைப் பிடித்து இழுக்க, என் தலை அவர்கள் கையோடு போனது. கடைசியில் பூ வைத்தபோது பாரத்தில் தலை பின்னால் சாய்ந்தது.

மேடம் குறிப்பேட்டில் ஏதோ எழுதினார். "டோப்பாவைத் திருப்பி உள்ள வச்சிடுங்க," என்றார். எனக்குச் சொன்ன தீர்ப்பு அதுதான்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, பதினேழாம் விதி இனி எனக்கும் உண்டு என்பதை நினைவுபடுத்தினார். முதல் ஒத்திகையில் தலை எப்படி இருந்ததோ கடைசிக் காட்சிவரை அப்படியே இருக்க வேண்டும். வளர்க்கவும் கூடாது. ஏழு வாரம்.

ஊருக்குப் போகிற வழியில், செங்கல்பட்டு ரயில் நிலையத்துக்கு எதிரே இருக்கும் சலூன்காரர் பெண்களுக்கு மொட்டை அடிப்பதில்லை என்று சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் ஊருக்குப் போனேன். பம்ப்செட் தொட்டி ஓரத்தில் உட்கார வைத்து அப்பா மழித்துவிட்டார். மூட்டை தூக்குகிற கை, ஆனாலும் ஒரு கீறல்கூட விழவில்லை. தெருவில் பேச்சு வந்தது. பெரிய வேண்டுதல் போல என்றார்கள். பெண்ணுக்கு உடம்புக்கு ஏதோ என்றார்கள். மாமா ஒரு நாள் நின்று பார்த்துவிட்டு, "சாமி ஒரு தபாதானே கேட்டுது, நீ இன்னாத்துக்கு வாரா வாரம் குடுத்துகினுகீற?" என்றார். இது சாமிக்கு இல்லை, மேடத்துக்கு என்றேன். அம்மா துடைக்கத் துண்டு கொண்டுவந்து கொடுத்தாள். விதி என்றால் செய்துதான் ஆக வேண்டும் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இருந்ததில்லை.

மூன்று நாள் காட்சி. இரண்டாம் நாள் அப்பாவும் அம்மாவும் மாமாவும் மாமல்லபுரம் பேருந்தில் வந்து இறங்கினார்கள். நாடகம் ஆறு மணிக்கு. அப்பா ஐந்தே முக்காலுக்கு எல்லோரையும் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். தலை வாரும் காட்சியில் அம்மாவின் கை மடியிலிருந்து கொஞ்சம் எழும்பியதாக, டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கல்பாக்கத்துக்காரி பிறகு சொன்னாள். முடிந்ததும் அம்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். எப்படி இருந்தது என்று கேட்டேன்.

"நல்லா கீது. முடி இருந்துதுன்னா இன்னும் நல்லா இருந்திருக்கும்."

மூன்றாம் நாள் கடைசிக் காட்சி முடிந்து, பலகைகளைப் பிரித்து அடுக்கி, ஆணிகளைப் பொறுக்கிய பிறகு மேடம் எனக்கு நாடகம் இயக்குவதற்கான விண்ணப்பப் படிவத்தில் கையெழுத்திட்டுக் கொடுத்தார். பாத்திரம் முதல் ஒத்திகையிலிருந்து கடைசிக் காட்சிவரை ஒரே ஆளால் செய்யப்பட்டது என்று எழுதியிருந்தார். அடுத்த வருடக் கையேட்டில் பதினேழாம் விதி 'பெயர்ப்பட்டியல் ஒட்டப்பட்ட நேரத்திலிருந்து' என்று திருத்தப்பட்டிருக்கிறது. புதிதாகச் சேருகிறவர்கள் அதைப் படிக்காமல் கையெழுத்திடுகிறார்கள்.

இப்போது எனக்கு முடி காதுவரை வந்திருக்கிறது. நெல் மண்டியில் ஒரு நாள் நடப்பதாக நானே எழுதிய நாடகத்தை இயக்க விண்ணப்பித்தேன். துறை ஒப்புக்கொண்டது. ஆறு பாத்திரங்கள், எல்லோரும் உண்மையிலேயே கனமான மூட்டைகளைத் தூக்க வேண்டும். நடிகர் தேர்வுக்கான அறிவிப்பை நேற்று மதியம் பலகையில் குத்தினேன். சாயங்காலம் போய்ப் பார்த்தபோது பதினொரு பேர் பெயர் எழுதியிருந்தார்கள். நாளை மூன்றே முக்காலுக்கு வரச் சொல்லியிருக்கிறேன்.