தாணம்மாள் டீச்சரின் உறக்கம்

தோவாளைக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் தாணம்மாள் பத்தொன்பது வருஷம் அங்கன்வாடி டீச்சராக இருந்தாள். பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண் சொருகிவிடும். எட்டு மணிக்கே படுத்தாலும் காலையில் தலைபாரத்தோடுதான் எழும்புவாள். அவள் குறட்டைக்குப் பயந்து கணவர் குமாரதாஸ் பாயை அடுக்களைக்கு மாற்றிப் பல வருஷமாயிற்று. தடித்த உடம்பு, சோம்பல் என்று ஊர் சொன்னது. அவளும் அப்படித்தான் நம்பினாள். பாலில்லாத கட்டன்சாயா குடித்தும் கையைக் கிள்ளிக்கொண்டும் பகலைத் தள்ளினாள்.

2015 ஆடியில் ஒரு மத்தியானம் ஆயா தண்ணீர் பிடிக்கப் போயிருந்தாள். தாணம்மாள் நாற்காலியிலேயே உறங்கிப்போனாள். அதே ஊர் சுனிதாவின் மூன்று வயது மகள் கதவைத் தாண்டி வெளியே போய் வாய்க்காலில் விழுந்தாள். துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் தூக்கினார்கள். பிள்ளை பிழைத்தது, ஆனால் எட்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. தாணம்மாளை வேலையிலிருந்து நீக்கினார்கள்.

பிறகு ரத்த அழுத்தம் ஏறி அவள் மயங்கி விழ, குமாரதாஸ் நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். குறட்டையைப் பற்றிக் கேட்ட டாக்டர், அங்கே நடந்துகொண்டிருந்த ஓர் ஆய்வில் அவளைச் சேர்த்தார். மெத்தை விரிப்புக்கு அடியில் போட ஒரு மெல்லிய பாய் கொடுத்தார்கள். மேலே படுத்தால் போதும், மூச்சையும் நெஞ்சுத்துடிப்பையும் அதிலுள்ள சென்சார்கள் பதிவுசெய்துகொள்ளும். மூன்று ராத்திரி வீட்டில் அதன்மேல் படுத்தாள். பிறகு ஆஸ்பத்திரியில் ஒயர் மாட்டியும் ஒருமுறை பார்த்து உறுதி செய்தார்கள்.

தொண்டை அடைத்து, மணிக்கு நாற்பத்தாறு தடவை மூச்சு நின்றிருந்தது.

"இத்தன வருஷமா நீங்க ஒழுங்கா உறங்கவே இல்லம்மா," என்றார் டாக்டர்.

அதை எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டாள். அங்கன்வாடி அலுவலகத்தில் காகிதத்தைப் படித்துவிட்டு, வேலையில் இருந்தபோதே சொல்லியிருக்க வேண்டும் என்றார்கள். முடிந்த விஷயத்தைத் திறக்க மாட்டோம் என்றும் சொன்னார்கள். அங்கிருந்து சுனிதா வீட்டுக்குப் போனாள். சுனிதா நின்றபடியே கடைசிவரை வாசித்தாள்.

"சீக்குண்ணு இப்பத் தெரியுது டீச்சரே. எனக்கக் கோவம் எல்லாம் போச்சு. ஆனா எனக்க பிள்ளைய இனி ஒங்ககிட்ட விடமாட்டேன்."

தாணம்மாள் தலையாட்டினாள். அவள் இடத்தில் இருந்தால் தானும் விடமாட்டேன் என்று நினைத்துக்கொண்டாள்.

மூச்சுக்குக் காற்றுத் தள்ளும் இயந்திரம் ஒன்றை ஆய்வு முடியும்வரை வைத்துக்கொள்ளத் தந்தார்கள். முகமூடி மாட்டிய முதல் வாரத்திலேயே பகல் தெளிந்தது. ஐந்து மணிக்கே எழும்பி வீடு முழுக்கக் கூட்டிவிட்டு, மீதிப் பகலை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பாள். நான்காம் மாசம் ஆய்வு முடிந்தது. சொந்தமாக ஒன்று வாங்க அவர்களிடம் பணமில்லை. குமாரதாஸ் இயந்திரத்தைப் பையில் போட்டு பஸ்ஸில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார். மறுவாரம் அரிசி களைந்துகொண்டே தாணம்மாள் சுவரில் சாய்ந்து உறங்கிவிட்டாள். அவர் எழுப்பவில்லை, அடுப்பை மட்டும் அணைத்தார்.