மாஸ்டரின் பிரேக் கால்

டிரைவிங் ஸ்கூல் மாஸ்டருக்கு இருபத்திரண்டு வருடமாக ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கைதான். அங்கே அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் தடுமாறுவதற்கு முன்பே அவர் கால் அதை மிதித்துவிடும்.

வீட்டுப் பூனையைக் கயிற்றில் நடக்கப் பழக்கவும் அவரே கிளம்பினார். மார்பு பெல்ட்டை மோந்து பார்க்க ஒரு வாரம், மாட்டிக்கொண்டு சாப்பிட ஒரு வாரம் என்று பொறுமையாகத்தான் போனார். கயிற்றைக் கோத்து வாசலுக்கு வந்ததும் எல்லாம் கெட்டது. நாலடி வைப்பதற்குள் கயிறு வெடுக்கென்று இழுபடும். பூனை தரையோடு தரையாகப் படுத்துவிடும்.

"சரியான அழுத்தக்காரி இது," என்றார் மாஸ்டர்.

படியில் உட்கார்ந்திருந்த மனைவி, "உங்க காலைப் பாருங்க," என்றாள்.

வலது கால் தரையை அழுத்தி மிதித்துக்கொண்டிருந்தது. அது மிதித்தபோதெல்லாம் கையும் கூடவே இழுத்திருக்கிறது.

மாஸ்டர் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்து கயிற்றைத் தளர விட்டார். பூனை எழுந்து உடம்பை உதறிக்கொண்டு, கயிறு எட்டிய மட்டும் நிதானமாக நடந்து போயிற்று.

"அதுக்கு நடக்கத் தெரியாம இல்ல," என்றார் மெதுவாக.

மனைவியும் ஒருகாலத்தில் அவரிடம் பன்னிரண்டு நாள் கார் பழகியவள்தான். "உனக்கு இது வராது," என்று அவர் சொன்னதோடு விட்டுவிட்டாள். இப்போது உள்ளே போய்க் கார் சாவியை எடுத்து வந்தாள்.

"வாங்க. கார்லயும் இப்படியே சம்மணம் போட்டு உக்காருங்க."