பெரிய பாய் மருந்து கொடுப்பதை நிறுத்திய நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு புதுச்சேரியில் நடந்தது இது. பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்துத் தெருவில் அண்ணனும் நானும் சேர்ந்து மருந்துக்கடை வைத்திருக்கிறோம். மருந்தாளுநர் படிப்பு படித்தவர் அண்ணன்தான். டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பது அவர் வேலை. சரக்கு வரவழைப்பது, அடுக்குவது என் வேலை. வாடிக்கையாளர்களுக்கு அவர் பெரிய பாய், நான் சின்ன பாய். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது.

ஒருநாள் காலையில், கனகசெட்டிக்குளத்திலிருந்து மாதாமாதம் வரும் ஓர் அம்மா சர்க்கரை மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். அவர் போய்ப் பத்து நிமிடம் இருக்கும். அலமாரியையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணன், திடீரென்று ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினார். திரும்பி வரும்போது சட்டை வியர்வையில் தெப்பமாக நனைந்திருந்தது. இரண்டு மடங்கு வீரியமுள்ள மாத்திரையைக் கொடுத்துவிட்டாராம். முத்தியால்பேட்டையில் பஸ்ஸை மறித்து ஏறி, மாற்றிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

"எல்லாருக்கும் நடக்கறதுதாண்ணே, வுடுங்க" என்றேன்.

"பன்னெண்டு வருசமா அந்தம்மாவுக்கு நான்தான் குடுக்கறேன். இன்னிக்கி சீட்டையும் பாத்தேன். அப்பவும் கை வேறய எடுத்துச்சு. இது மூணாவது தடவடா. மொத ரெண்டு தடவ குடுக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன். ஒங்கிட்ட சொல்லல."

அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே, "வியாழக்கிழம எங்கூட வா" என்றார். ஒரு மருத்துவமனையில், அறுபது வயதைத் தாண்டியவர்களுக்கு மூளை அலைகளை அளந்து, மறதி நோய் தொடங்குவதற்கான அறிகுறி இருக்கிறதா என்று பார்க்கிறார்களாம். எங்கேயோ விசாரித்துத் தானே பெயர் கொடுத்துவிட்டு வந்திருந்தார். வீட்டில் யாருக்கு நோய் நொடி என்றாலும் முதலில் ஓடுபவர். தனக்கென்று ஒரு காய்ச்சல் மாத்திரைகூடப் போட்டுக்கொள்ளாதவர். எனக்குச் சிரிப்பாகத்தான் இருந்தது.

பரிசோதனை செய்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். முதலில் அண்ணனுக்குக் காது நன்றாகக் கேட்கிறதா என்று பார்த்தார். பிறகு நிறைய ஒயர்கள் தொங்கும் ஒரு வலைத்தொப்பியை அவர் தலையில் மாட்டி, ஒவ்வோர் இடமாகக் குளிர்ந்த பசையை வைத்தார். "சங்கடமா இருக்கா ஐயா?" என்று கேட்டார்.

"தொப்பி போட்டுப் பழகுன தலதாம்மா, நீ மாட்டு" என்றார் அண்ணன். அந்தப் பெண் சிரித்துவிட்டார்.

ஹெட்போனில் ஒரே மாதிரி சத்தம் விட்டுவிட்டு வரும். நடுவில் எப்போதாவது வேறு மாதிரி ஒரு சத்தம் வரும். அதை மட்டும் மனதுக்குள் எண்ண வேண்டும். அவ்வளவுதான். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, திரையில் ஓடும் கோடுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் ஒன்றுகூட விடாமல் சரியாக எண்ணிச் சொன்னார். எனக்கு உயிர் வந்தது. வெளியே வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டுபோய் டீ வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் டாக்டர் சொன்னது வேறு. எண்ணிக்கை சரிதான்; ஆனால் வித்தியாசமான சத்தம் வந்ததை மூளை கண்டுகொள்ள, அவர் வயதுக்காரர்களைவிட அதிக நேரம் எடுக்கிறது. வெளியே தெரியாத அந்தத் தாமதத்தை இந்தக் கோடுகள் காட்டுகின்றன. இதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்று சொல்லி, ஞாபகச் சோதனை, ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் எழுதிக் கொடுத்தார். எல்லாம் முடிந்தபின், மறதியின் ஆரம்பக் கட்டம் என்று உறுதியானது. "ரொம்ப சீக்கிரமா வந்திருக்கீங்க. கவனமா இருந்தா இன்னும் பல வருஷம் நல்லா இருக்கலாம்" என்றார் டாக்டர்.

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஓர் உண்மையைச் சொல்லியாக வேண்டும். என் மகளுக்கு அப்போது கடலூரில் மாப்பிள்ளை பேசி, நிக்காஹுக்குத் தேதியும் குறித்திருந்தோம். எனக்கு முதலில் வந்த பயம் அண்ணனைப் பற்றியது அல்ல. "நிக்காஹ் முடியற வரைக்கும் வெளிய தெரிய வேணாண்ணே. கடையில எப்பவும் போல நில்லுங்க. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கறேன்" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. "எம் பொண்ணு கல்யாணமா இருந்தாலும் மறைக்க மாட்டேண்டா. இது மருந்து குடுக்கற கை. மூடி வச்சிட்டு ஒரு உசுரு போச்சுன்னா, யாரு கல்யாணத்துல போயி நாம பிரியாணி சாப்புடறது?"

அந்தத் திங்கட்கிழமை கடை திறந்ததும், மருந்து அலமாரியை விட்டு நகர்ந்து வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். புதிதாகச் சேர்த்த மருந்தாளுநர் பெண்ணை உள்ளே நிற்க வைத்தார். வந்தவர்கள் எல்லாரும், "என்ன பாய், ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டார்கள்.

"எனக்கு ஞாபகம் கொஞ்சம் கொறய ஆரம்பிச்சிருக்குதுமா. டாக்டரு பாத்துச் சொல்லிட்டாரு. இனிமே இந்தப் பொண்ணு குடுக்கும். சந்தேகம்னா அதுகிட்டயே கேளுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொன்னார். சளி பிடித்திருக்கிறது என்று சொல்வதுபோலத்தான் சொன்னார். கனகசெட்டிக்குளத்து அம்மா வந்தபோது மட்டும் எழுந்து நின்று, அன்றைக்கு நடந்த தவறுக்கு மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அந்த அம்மா, "பஸ்ஸ மறிச்சி ஏறி வந்த மனுசன் நீ, ஒன்ன வுட்டுட்டு நான் வேற கடைக்குப் போவேனா?" என்று அதட்டினார். நான் மருந்துப் பெட்டி அடுக்குவதுபோல் உள்ளே போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

கடலூருக்கும் செய்தி போய்விட்டது. பத்தாம் நாள் மாப்பிள்ளையின் தகப்பனார் தனியாகக் கடைக்கு வந்தார். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன். அவரோ அண்ணன் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தாழ்ந்த குரலில், "எனக்கும் ஒரு வருசமா பேரெல்லாம் மறக்குது பாய். பயத்துல யார்கிட்டயும் சொல்லல. அந்த டெஸ்ட் எங்க எடுத்தீங்க?" என்றார். அண்ணனே அவரைக் கூட்டிக்கொண்டு போனார். நல்லவேளையாக, அவருக்கு அப்படி எதுவும் இல்லை. சரியான தூக்கமில்லாததுதான் காரணமாம். மகள் கல்யாணம் சொன்ன தேதியில் நடந்தது.

இப்போதும் அண்ணன் தினமும் கடைக்கு வருகிறார். சில நாள் கேட்டதையே மறுபடியும் கேட்பார். வருடம் ஒருமுறை தவறாமல் அந்தப் பரிசோதனைக்குப் போகிறார். எனக்கும் அறுபது நெருங்குகிறது. என் முறை வரும்போது முடிவு எப்படி வந்தாலும், அதை நாலு பேர் முன்னால் மறைக்காமல் சொல்லும் நெஞ்சுரத்தை எனக்கும் கொடு என்றுதான் ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.