வைத்துக்கொள்ள வேண்டிய குக்கிகள்

திருப்பதியில் என் வீட்டுக் கேட்டில் ஒரு திங்கட்கிழமை காலை தெலுங்கில் அச்சடித்த நோட்டீஸ் ஒட்டியிருந்தது. வாசலில் நான் கட்டிய சாய்தளம் பொதுச் சந்தில் இரண்டரை அடியை ஆக்கிரமித்திருப்பதாக மனு வந்திருக்கிறது. ஏழு நாளில் நானே இடிக்காவிட்டால் நகராட்சி ஆட்கள் வந்து இடிப்பார்கள். மனு கொடுத்தவர் பெயர் இல்லை. இருக்காது. புகார் கொடுத்தவர் பெயரை எதிராளிக்குச் சொல்லக் கூடாது என்ற விதியை, வேலையில் இருந்தபோது நானே எத்தனையோ பேருக்கு எடுத்துச் சொல்லி ஆபீஸ் வாசல்வரை கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அந்தப் பெயரை எனக்குக் கொடுத்தது, கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதற்காக நான் போட்டு வைத்திருந்த இலவச மென்பொருள்.

சாய்தளம் என் மனைவிக்காகக் கட்டியது. மூன்று வருடம் முன்பு வாசல் படியில் சறுக்கி இடது காலை முறித்துக்கொண்டாள். நான் எக்ஸ்ரே, எலும்பு டாக்டர், காப்பீட்டுப் படிவம் என்று வரிசை போட்டுக்கொண்டிருந்தேன். அவள் "புத்தூருக்கு வண்டி சொல்லுங்க" என்றாள். சொன்னேன். புத்தூர் நாட்டு வைத்தியர் போட்ட கட்டைப் பிரித்தபோது எலும்பு கூடியிருந்தது, கொஞ்சம் குட்டையாக. வாக்கர் இல்லாமல் நடக்க முடியாது என்றாகிவிட்ட பிறகு மூன்று படி அவளுக்குத் திருமலை ஏறுவது போல ஆனது.

ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளச் சரிவு வேண்டும் என்பது நூல் கணக்கு. என் வீட்டு முன்பக்கத்தில் அவ்வளவு இடம் இல்லை. சரிவைக் கொஞ்சம் செங்குத்தாக்கியும் அது கேட்டுக்கு வெளியே இரண்டரை அடி போயிற்று. அனுமதிக்கு எந்தப் படிவம், எத்தனை வரைபடம், யார் கையெழுத்து என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கேட்டால் கிடைக்காது என்பதும் தெரியும். ஒரு கையெழுத்து குறைந்ததற்காக வாழ்நாளெல்லாம் கோப்புகளைத் திருப்பி அனுப்பியவன், மேஸ்திரியை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி ஒரே நாளில் சிமெண்டு பூசிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை யாரும் சோதனைக்கு வருவதில்லை.

அதன் பிறகு அவள் தினமும் காலையில் தனியாக வாக்கரைத் தள்ளிக்கொண்டு சந்து முனைக்குப் போவாள். அங்கே காய்கறி வண்டி வரும். அரை மணி நேரம் நாலு பெண்களோடு தெலுங்கில் பேரம் பேசி, கால் கிலோ வெண்டைக்காயோடு திரும்பி வருவாள். அந்த அரை மணிதான் அவளுக்கு வெளியுலகம். நோட்டீஸில் இடிக்கச் சொன்னது அதைத்தான்.

எதிர்வீட்டு நண்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சித்தூரில் முப்பது வருடம் ஒரே ஆபீஸ். நான் சூப்பரின்டெண்டெண்ட், அவர் ரெக்கார்டு ரூம். இருவரும் எல்லையோரத் தமிழ்க் குடும்பங்கள். ஃபைலில் தெலுங்கு எழுதிவிட்டு டீக்கடையில் தமிழ் பேசியவர்கள். ரிடையரானதும் எதிரெதிரே மனை வாங்கினோம். காலை பத்து மணிக்குத் தினசரியை மடித்துக்கொண்டு வருவார். என் மனைவி காப்பி கொடுப்பாள். அவரிடம் இருப்பது பொத்தான் வைத்த பழைய போன். எனவே கரண்டு பில், தரிசன டிக்கெட், தெருநாய் புகார் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான். எப்படி உள்ளே போவது, எப்படி மனு எழுதுவது எல்லாவற்றையும் சொல்லிக்கொடுத்தவன் நான்.

நோட்டீஸ் வந்த அன்றும் வந்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"இன்னா பண்ணப் போற?"

"பதில் எழுதப் போறேன்."

"எழுது, எழுது. உன்ன மாதிரி எவன் எழுதுவான்?" என்று காப்பியை ஆற்றிக் குடித்தார். செவ்வாய்க்கிழமை என் பதிலின் வரைவைக் காட்டினேன். கடைசிப் பத்தி நீளம் என்றார். சுருக்கினேன். புதன், வியாழன் இரண்டு நாளும், இதை எழுதியவன் யாராக இருக்கும் என்று சந்திலுள்ள ஒவ்வொரு வீடாக எண்ணிப் பார்த்தேன். அவரும் கூடவே எண்ணினார். தன் வீட்டைத் தாண்டி எண்ணினார் என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை நான் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்யும் நாள். தற்காலிகக் கோப்புகள், குப்பைத் தொட்டி, கடைசியில் குக்கிகள். குக்கி என்பது இணையதளங்கள் நம் கம்ப்யூட்டரில் விட்டுவிட்டுப் போகும் சீட்டு. அடுத்த தடவை போகும்போது பாஸ்வேர்டு கேட்காமல் "நீங்களா, வாங்க" என்று உள்ளே விடுவதற்கு. யாரும் என்னை அப்படி உள்ளே விட வேண்டாம் என்பது என் கொள்கை. முறைப்படி பாஸ்வேர்டு கேட்கட்டும், சொல்கிறேன்.

இரண்டு மாதமாக அந்த மென்பொருள் எல்லாவற்றையும் துடைத்த பிறகும் இரண்டு குக்கிகள் மீதம் என்று காட்டிக்கொண்டிருந்தது. நோட்டில் குறித்து வைத்துவிட்டு விட்டிருந்தேன். அந்த வெள்ளிக்கிழமை விடவில்லை. மனு போட்டவனைப் பிடிக்க முடியாத கோபம். பிடிக்க முடிந்தது இந்த இரண்டு குக்கிகள்தான்.

முதல் சந்தேகம் பிரவுசர்மேல். அது திறந்திருந்தால் குக்கிகள் அழியாது. ஜன்னலை மூடினால் மூடிவிட்டதாக அர்த்தமில்லை. கண்ணாடியை மேஜைமேல் வைத்துவிட்டு டீக்குப் போன குமாஸ்தாவைப் போல, பிரவுசரும் போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாமல் பின்னணியில் உட்கார்ந்திருக்கும். டாஸ்க் மேனேஜரைத் திறந்து அங்கே அதை நிறுத்தினேன். துடைத்தேன். மீதம் இரண்டு. பின்னணியில் ஓடக் கூடாது என்று பிரவுசர் அமைப்பையே மாற்றினேன். இரண்டு. மென்பொருளை நிர்வாகி அதிகாரத்தோடு ஓட்டினேன். இரண்டு. இணையத்தைத் துண்டித்துவிட்டுத் துடைத்துப் பார்த்தேன். அப்போதும் இரண்டு. எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மறுபடி போடு என்றுதான் இணையத்தில் எல்லோரும் எழுதுகிறார்கள். அது விசாரணை வைக்காமல் ஊழியரை வேறு ஊருக்கு மாற்றுவது மாதிரி. குற்றமும் கூடவே போகும்.

அப்புறம்தான் மென்பொருளின் உள் அமைப்பில் குக்கிகளுக்கென்று இருந்த பக்கத்தைத் திறந்தேன். அதில் இரண்டு பட்டியல்கள். இடது பக்கம் அழிக்க வேண்டிய குக்கிகள். வலது பக்கம் வைத்துக்கொள்ள வேண்டிய குக்கிகள். வலது பக்கம் காலியாக இருக்க வேண்டும். காலியாக வைத்தவன் நான். அங்கே நகராட்சியின் புகார் தளம், இரண்டு வரியாக உட்கார்ந்திருந்தது.

உடனே எனக்கு ஞாபகம் வந்தது. இரண்டு மாதம் முன்பு நண்பர் சலித்துக்கொண்டார். "வெள்ளிக்கெயம ஆனா எல்லாத்தையும் தொடச்சி உட்டுட்ற. மறுபடி பாஸ்வேர்டு, மறுபடி ஓடிபி. பெரிய ரோதனையா கீது." அதற்கு வழி உண்டு, ஆனால் கெட்ட பழக்கம் என்று சொல்லி, வழி எங்கே இருக்கிறது என்பதையும் சுட்டிக்காட்டியிருந்தேன். கட் பேஸ்ட் செய்ய இன்றுவரை கற்றுக்கொள்ளாதவர் அதை மட்டும் கற்றுக்கொண்டுவிட்டார்.

தளத்தைத் திறந்தேன். என்னை யாரென்று கேட்கவில்லை. அவர் பெயரைச் சொல்லி வரவேற்றது. அவர் பெயரில் இரண்டு மனுக்கள் இருந்தன. ஒன்று தெருநாய், தீர்க்கப்பட்டது. இரண்டாவது என் சாய்தளம்.

நல்ல மனு. பொருள், பார்வை, மூன்று சிறு பத்திகள், அளவு, சந்தின் மொத்த அகலம், அனுமதி பெறப்பட்டதாகத் தெரியவில்லை என்ற வரி, ஆகவே பணிவுடன் வேண்டுகிறேன் என்ற முடிவு. கோபமான சொல் ஒன்றுகூட இல்லை. கோபமான சொல் வந்தால் மனு பலவீனமாகிவிடும் என்று அவருக்குச் சொன்னதும் நான்தான். ஞாயிற்றுக்கிழமை மேஸ்திரியை வைத்துக் கட்டிய கதையை அவரிடம் பெருமையடித்ததும் நான்தான். என் ஆபீஸிலிருந்து போன கடிதத்தை நானே படிப்பது போல இருந்தது.

மனுவின் கீழே 'திரும்பப் பெறு' என்று ஒரு பொத்தான். மணி பத்தாக இன்னும் ஐந்து நிமிடம். அழுத்திவிட்டேன். மனுதாரர் மட்டுமே மனுவைத் திரும்பப் பெறலாம் என்பது எனக்குத் தெரியாதா? தெரிந்துதான் அழுத்தினேன். பதிவு செய்த எண்ணுக்கு ஓடிபி அனுப்பியிருப்பதாகத் திரை சொன்னது.

வெளியே கேட் திறக்கும் சத்தம். கூடவே அங்கே ஒரு போன் கிணுகிணுத்தது. நண்பர் தினசரியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, போனை முகத்துக்கு நேராக நீட்டிப் பார்த்தபடி உள்ளே வந்தார்.

"இன்னாமோ நம்பர் வந்துகீதுபா. நாலு, ஒம்போது..." என்று ஆறு எண்களையும் உரக்கப் படித்துவிட்டு, "இன்னாத்துக்கு இது? பாரு" என்று போனையே என்னிடம் நீட்டினார்.

ஓடிபியைப் பெற்ற பிள்ளைக்கும் சொல்லாதே என்று அவரிடம் நூறு முறை சொல்லியிருக்கிறேன். எனக்குச் சொல்லலாம் என்று அவராக முடிவு செய்திருக்கிறார் போலிருக்கிறது.

மனசாட்சி குறுக்கே வந்ததால் அந்த எண்ணை நான் அடிக்கவில்லை என்று எழுத ஆசைதான். உண்மை வேறு. வாய் முந்திக்கொண்டது.

"யோவ், இது இன்னா?" என்று திரையைக் காட்டினேன்.

அவர் குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கண்டுபுடிச்சிட்டியா" என்றார், ஏதோ கண்ணாமூச்சி ஆடியது போல.

"நாலு நாளா என் வீட்டுக் காப்பியக் குடிச்சிக்கினு, என் பதிலுக்கே திருத்தம் சொல்லிக்கினு..."

"காப்பி அவங்க குடுக்கறாங்க. அத்த நடுவுல இழுக்காத."

"என்கிட்ட ஒரு வார்த்த சொல்றதுக்கு இன்னா கேடு?"

"சொன்னேனே! மூணு தபா சொன்னேன். பையன் வாங்கின கார் திரும்ப மாட்டேங்குது, ரெண்டு தபா உன் ராம்ப்ல இடிச்சிக்கிச்சின்னு சொன்னேன். நீ இன்னா சொன்ன? வாயால சொல்றதெல்லாம் ரெக்கார்டுல வராது, எழுதிக் குடுன்னு சிரிச்ச. எழுதிக் குட்த்தேன்."

"எனக்குக் குடுன்னேன். நகராட்சிக்கா குடுன்னேன்?"

"உனக்குக் குட்த்தா ரிட்டர்ன் பண்ணிடுவ சூப்ரண்டு. தேதி இல்ல, கையெழுத்து சரியில்லன்னு. சித்தூர்ல நீ திருப்பாத பேப்பர் ஒண்ணு சொல்லு."

"அவ கால நெனச்சிப் பாத்தியா?"

அவர் ஹாலைப் பார்த்தார். என் மனைவி வாக்கரைப் பிடித்தபடி அறை வாசலில் நின்றிருந்தாள். எல்லாம் கேட்டிருக்கும். இப்போது அவள் அவரைக் கேட்பாள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தெரியுங்க" என்றாள், என்னைப் பார்த்து.

"இன்னா தெரியும்?"

"அண்ணா எழுதினது. நீங்க மத்தியானம் தூங்கறப்ப எழுதினாரு. தெலுங்குல தப்பு கீதா பாரும்மான்னாரு. ரெண்டு தப்பு இருந்துச்சி. திருத்திக் குட்த்தேன்."

அவள் தெலுங்கு மீடியத்தில் படித்தவள். அவள் தெலுங்கு எங்கள் இருவர் தெலுங்கையும்விடச் சுத்தம். மனு அவ்வளவு நன்றாக இருந்ததற்குக் காரணம் என் பயிற்சி மட்டுமல்ல என்பது அப்போது தெரிந்தது.

"உன் ராம்ப இடிக்கச் சொல்ற மனுவ நீயே திருத்திக் குட்த்தியா?"

"ஓரத்துல கொஞ்சம் செதுக்குவாங்க, அவ்ளோதான்னாரு. கார் இடிச்சா ராம்ப் ஒடையாதா?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க எதிர் மனு போடுவீங்க. அதுக்கு அவர் ஒண்ணு போடுவாரு. அப்பால இந்த வீட்டுக்கு வருவாரா? பத்து மணியானா இந்த வீட்ல பேச்சுக் குரல் கேக்குதுன்னா அவராலதான். நீங்க பேசறதா பேச்சு? நோட்டீஸ் படிக்கிற மாதிரி."

நண்பர் இருமினார். நான் திரையைப் பார்த்தேன். ஓடிபிக்கான நேரம் முடிந்துவிட்டதாகவும், வேண்டுமானால் புதிதாகக் கோரலாம் என்றும் எழுதியிருந்தது. கோரவில்லை. அறையில் இருந்த மூவரில் இருவர் சேர்ந்து எழுதிய மனுவை மூன்றாமவன் திரும்பப் பெறுவதற்கு எந்த விதியும் கிடையாது.

கெடு முடிந்த செவ்வாய்க்கிழமை நகராட்சி ஆட்கள் இருவர் வெட்டும் மெஷினோடு வந்தார்கள். என் பதில் மனுவைக் காட்டினேன். மேற்பார்வையாளர் மரியாதையாகப் படித்தார். "பாக ராசாரு சார். கானி ரூல் ரூலே கதா" என்றார். நன்றாக எழுதியிருக்கிறீர்கள், ஆனால் விதி விதிதானே என்று. என் வாழ்நாளில் எனக்குக் கிடைத்த மிகச் சரியான பதில். ஓரத்தில் செதுக்கவில்லை. கேட்டுக் கோட்டில் நூல் பிடித்து இரண்டரை அடியையும் எடுத்தார்கள். மிஞ்சிய சரிவு கேட்டருகே அரை அடி உயரத்தில் நின்றுவிட்டது. அங்கே ஒரு கல்லைப் படியாகப் போட்டேன். வாக்கர் அதில் இறங்காது.

அந்த வாரம் மூன்று நாள் அவள் வெளியே போகவில்லை. காய்கறி வண்டிக்காரர் பெயரைச் சொல்லாமல் "அம்மா, அம்மா" என்று முனையிலிருந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போனார். நாலாம் நாள் காலை அவள் கேட்டுவரை வந்து, எதிர்வீட்டைப் பார்த்து "அண்ணா" என்று குரல் கொடுத்தாள். நான் பின்னால்தான் நின்றிருந்தேன்.

அவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு வந்தார். அவருக்கும் எனக்கும் பேச்சு இல்லை, இன்றுவரை இல்லை. பத்து மணிக்கு வருகிறார், ஹாலில் உட்கார்ந்து அவளோடு பேசிக்கொண்டிருக்கிறார், நான் அறையில் இருக்கிறேன். ஆனால் காலையில் அவளைக் கல்லிலிருந்து இறக்க இரண்டு ஆள் வேண்டும். இடது பக்கம் அவர், வலது பக்கம் நான். நொண்டும் கால் இடது கால். அதனால் இறங்கும்போது அவள் கனம் முழுவதும் அவர் தோளுக்குப் போகிறது. என் பக்கம் ஒரு கனமும் இல்லை. முழங்கையைச் சும்மா பிடித்திருக்கிறேன்.